துருத்தி நிற்காத நாள்

என்னப்பா,

கல்யாணமான நாள் முதல் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். நீங்கள் போய் ஒரு வருடமாகியும் வாய் மாறவில்லை. இங்கே எல்லோரும் சுகம். மகள் பல்லேகலைக்கு வேலைக்குப் போகிறாள், உங்களைப் போலவே சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டு. பின்வளவில் உங்கள் மண் உலை மழையில் கரைந்து அரைவாசியாகிவிட்டது.

அந்த உலையால் நான் பட்ட பாடு கொஞ்சமா? யுத்தம் நடந்த காலம். யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்றால், கண்டிக்குப் பக்கத்தில் சிங்களவர் நடுவே இந்தக் குண்டசாலையில் ரேடியோவைக்கூட மெதுவாகத்தான் வைக்க வேண்டும். நீங்களோ சனிக்கிழமைகளில் இரும்புக்கல்லையும் கரியையும் கொட்டி, பழைய காலத்து ஆட்களைப் போல இரும்பு எடுக்கிறேன் என்று இரண்டு தோல் துருத்திகள் மேல் ஏறி மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தீர்கள். வந்ததெல்லாம் கசடுதான்.

அன்று காலை புகையைப் பார்த்துப் பொலிஸ் வந்தது. என்ன செய்கிறீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். சமையல் கத்திக்கு இரும்பு என்று சொல்லியிருக்கலாம். அரைகுறையாகப் பதில் சொல்லி உங்களுக்குப் பழக்கமில்லையே. இந்த இரும்பைக் கரியோடு பொதிந்து சுட்டால் உருக்காகும், அந்தக் காலத்தில் இதில்தான் வாள் செய்தார்கள் என்று அழகான சிங்களத்தில் விளக்கினீர்கள். வாள் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. ஜீப்பில் ஏறும்போதாவது பயந்தீர்களா? திரும்பி என்னிடம் சொன்னது இதுதான்:

“துருத்தியை விட்டிடாதையும். காத்து நிண்டால் எல்லாம் உள்ளுக்கை இறுகிப்போகும்.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி மிதித்தேன். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் நந்தா அக்கா வேலிக்கு அப்பாலிருந்து ஓடி வந்தார். காயப்போட்ட உடுப்பில் கரி படிகிறது என்று உங்களோடு ஓயாமல் சண்டைபிடித்த அதே நந்தா அக்காதான். நடந்ததைச் சொன்னதும் குடையை எடுத்துக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனார். “இந்த மாத்தயா கல்லைப் போட்டுக் கல்லைத்தான் எடுக்கிறவர். இவரால் கெட்டது என் உடுப்பு மட்டும்தான்” என்று அங்கே சொன்னாராம். பொலிஸ்காரர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டதாம்.

பொழுதுபடும் நேரம் கேற்றைத் திறந்து வந்தீர்கள். வீங்கிய என் கால்களைப் பார்க்கவில்லை. உலையை உடைத்து, சிவந்த கட்டியைக் குறட்டால் இழுத்து, சம்மட்டியால் ஒரு போடு போட்டீர்கள். கசடு தெறித்தது, கட்டி உடையவில்லை. “இரும்பு வந்திட்டுதப்பா” என்று என்னைப் பார்த்து அழுதீர்கள்.

“இவ இரும்புக்காகப் பகல் முழுக்க நிண்டவ” என்று பிறகு வந்தவர் போனவருக்கெல்லாம் பெருமை பேசினீர்கள். நான் திருத்தவில்லை. இரும்பை யார் நினைத்தது? மிதிப்பதை நிறுத்தினால் நீங்கள் திரும்பி வரமாட்டீர்கள் என்று எனக்குப் பட்டது. அந்த நாட்களில் ஜீப்பில் ஏறியவர்கள் எல்லோரும் வீடு வந்தார்களா?

அந்தக் கட்டியில் ஒரு கத்தி அடித்தீர்கள். கரித்தூளோடு மண்ணில் பொதிந்து சுட்டு உருக்காக்கியும் விட்டீர்கள். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்கும் கடைசி வேலையை மட்டும் கடைசிவரை தள்ளிப்போட்டீர்கள். தோய்க்கும்போது வெடித்தால் நான் பட்ட பாடு வீணாகிவிடும் என்று உங்களுக்குப் பயம். தோய்க்காத கத்தியில் கூர் நிற்குமா? அது சும்மா அலுமாரியில் கிடக்கிறது.

வருகிற ஞாயிறு மகளும் நானும் அதைத் தோய்க்கப் போகிறோம். காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவந்த பிறகே எண்ணெயில் விடுவோம். பிறகு வைக்கோல் நிறம் வரும்வரை இளஞ்சூட்டில் வைப்போம். அவசரப்பட மாட்டோம், இது சத்தியம். அப்படியும் வெடித்தால் வெடிக்கட்டும், நான் கலங்க மாட்டேன். நீங்கள் அன்று வீட்டுக்கு வந்தீர்கள். அந்த இரும்பிடம் நான் கேட்டது அவ்வளவுதான்.

உங்கள் மனிசி,
தவமலர்