தேதி வெட்டப்பட்ட கடிதங்கள்

போர்த்கெர்ரா, கார்ன்வால்
1874 மார்ச் 28, சனிக்கிழமை

அன்புள்ள மகன் எலையாஸுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் அப்பாவும் நானும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். கேப் டவுனில் நீயும் ஹாரியட்டும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்கிறேன், இன்றைக்குக் கோபத்தோடு சொன்னேன், ஆனாலும் சொன்னேன். அப்பாவுக்குக் கிறிஸ்துமஸுக்கு வந்த இருமல் இன்னும் விடவில்லை, ஈரப் பாறையில் முழங்காலிட்டுக் கிடந்தால் எப்படி விடும், சொன்னால் கேட்கிற மனுஷனா அவர். புயலில் தேவாலயக் கூரை பெயர்ந்து, போதகர் இரண்டு ஞாயிறாகக் குடை பிடித்துக்கொண்டுதான் பிரசங்கம் செய்கிறார், அதுவும் நோவாவின் வெள்ளத்தைப் பற்றி, சபையில் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. குழந்தைக்குப் பல் முளைக்கிற நேரம், கடையில் விற்கிற தூக்க மருந்தெல்லாம் கொடுக்க வேண்டாம், காய்ந்த ரொட்டியின் ஓரத்தைக் கடிக்கக் கொடுத்தால் போதும் என்று ஹாரியட்டிடம் சொல். நல்ல சேதியை எல்லாம் முதலிலேயே எழுதிவிட்டேன், ஏனென்றால் இனி எழுதப் போவதில் நல்லது எதுவும் இல்லை.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறாளே என்று நினைக்காதே, நீ மறந்துவிட்டாய் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். சுங்கச் சாவடியில் எழுத்தராக உட்கார்ந்த நேரம் போக மிச்ச நேரத்தை எல்லாம் உன் அப்பா பதினாறு வருஷமாகப் பாறை நத்தைகளுக்குக் கொடுத்தார். ஒவ்வொன்றின் ஓட்டிலும் சிவப்புச் சாயத்தில் ஒரு பொட்டும் ஓர் எண்ணும். படகுக்காரர் கண்ட்ரி என்னைத் தெருவில் நிறுத்தி, "ஏம்மா, பஞ்சம் வந்தா நாங்க வேகவெச்சுத் திங்கிற சாமானுக்கு உங்க வீட்டுக்காரரு பொட்டு வெச்சுவிடறாரே, ஞானஸ்நானம் எப்போ, விருந்து உண்டா?" என்று கேட்டதும், நான் அவரை அடிக்க வாளியை ஓங்கிக்கொண்டு திரும்பி நின்றதும் உனக்கு நினைவிருக்கும். ஊர் சிரித்தது, அவர் விடவில்லை. தண்ணீர் ஏறினால் அந்த நத்தை பாசி மேயக் கிளம்புகிறது, வடிவதற்குள் தன் ஓடு தேய்த்த அதே பள்ளத்துக்கு வந்து ஒட்டிக்கொள்கிறது, பக்கத்துப் பள்ளம் காலியாக இருந்தாலும் அதில் உட்காராது, வந்த வழியை உளியால் செதுக்கி அழித்தாலும் சுற்றிக்கொண்டு வந்து சேர்கிறது என்று கண்டுபிடித்தவர் உன் அப்பா. உளி பிடித்தவள் நான். கண்டதை எல்லாம் இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் லண்டனுக்கு, கடல் உயிர்களை ஆராய்கிற டாக்டர் தர்லோவுக்கு எழுதினார். அவர் கேள்வி அனுப்புவார், இவர் பாறைக்குப் போய்ப் பதில் கொண்டுவருவார். ஈரப் பாசியில் சுற்றி ஜாடி ஜாடியாக நத்தை அனுப்பியதும் நான்தான். உனக்குப் பத்து வயசில் அந்த மனுஷன் நம் வீட்டில் பதினோரு நாள் தங்கினார், என் குங்குமப்பூ கேக்கைத் தட்டைச் சுரண்டிச் சாப்பிட்டார், உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு பாறைக்குப் போய், "நம்ம சின்ன விஞ்ஞானி" என்று கொஞ்சினார்.

இந்த ஆராய்ச்சிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, எந்தக் கடிதம் எழுதினாலும் ஒரு நகல் வைத்துக்கொள்வார்கள். ஆரம்பத்தில் மூன்று வருஷம் நானும் உட்கார்ந்து நகல் எடுத்தேன். தர்லோ அதைக் கேள்விப்பட்டு, நண்பர்களுக்குள் நகல் எதற்கு, அது வக்கீல்கள் வேலையாயிற்றே, உங்கள் ஒவ்வொரு கடிதமும் என்னிடம் பத்திரமாக இருக்கும் என்று எழுதினார். அப்பாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடுச்சே தாம்சின், இனிமே நகல் வேண்டாம்" என்றார். பாறையில் கற்பலகையில் கிறுக்கிக்கொண்டு வருவார், கடிதம் எழுதி முடித்ததும் ஈரத்துணியால் பலகையைத் துடைத்துவிடுவார், கடிதம்தான் அவருக்குக் குறிப்பேடு. நத்தை வீடு திரும்பும் விஷயம் அத்தனையும் நகல் நின்ற பிறகு கண்டது. அந்த ஒரு சொல்லுக்கு நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன் பார், அதற்கு என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்.

ஜனவரி முதல் வாரத்தில் லண்டனிலிருந்து இயற்கை ஆராய்ச்சிச் சங்கத்தின் சஞ்சிகை வந்தது. தர்லோவின் கட்டுரை, முப்பது பக்கம், எங்கள் பாறை, எங்கள் நத்தை, உளியால் செதுக்கிய வழி கூட இருந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் "நான் பல ஆண்டுகள் கவனித்ததில்" என்று போட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில், மாதிரிகள் அனுப்பி உதவிய கடற்கரை அன்பர் ஒருவருக்கு நன்றியாம். பெயர் கூட இல்லை. அப்பா நின்றபடியே படித்தார், "அச்சுக்காரன் ஒரு பக்கத்தை விட்டுட்டான் போலிருக்கு" என்றார், சத்தியமாக அப்படித்தான் நம்பினார். பணிவாக ஒரு கடிதம் போட்டார். அதற்குத் தேன் சொட்டச் சொட்டப் பதில் வந்தது, உண்மைகள் யாருக்கும் தனிச்சொத்து இல்லையாம், நீங்கள் பொறுக்கித் தந்தீர்கள், நான் பொருள் கண்டேன் என்று. அன்றைக்குத்தான் அப்பாவுக்கு விளங்கியது. மனுஷன் கத்தவில்லை, திட்டவில்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. என் கடிதங்களையாவது திருப்பி அனுப்புங்கள் என்று எழுதினார்.

வந்தது ஒரு பார்சல். பிரித்தால் எல்லாம் துண்டு துண்டு. தனக்கு வருகிற கடிதங்களைக் கத்தரித்து, மேய்ச்சல், வழி, ஓடு என்று பொருள்வாரியாக உறைகளில் போட்டு வைப்பது அந்த ஆளின் பழக்கமாம், எல்லோருடைய கடிதத்தையும் அப்படித்தான் செய்வாராம், வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை அடுப்பில் போட்டுவிடுவாராம். தலையில் இருந்த தேதி இல்லை, காலில் இருந்த கையெழுத்து இல்லை. அப்பா ஒரு வாரம் அடுக்களை மேஜையில் ஓரத்தோடு ஓரம் பொருத்திப் பார்த்தார், நானும் பார்த்தேன், ஒரே ஒரு தேதி கூடக் கிடைக்கவில்லை. இந்தக் கடிதத்தின் ஒவ்வொரு தாளிலும் மேலேயும் கீழேயும் நான் தேதி போட்டுப் பெயர் எழுதியிருப்பது அதனால்தான்.

பிளிமத்தில் ஒரு பேராசிரியர் இருக்கிறார், நேர்மையானவர், அப்பா அவரிடம் எல்லாம் சொன்னார். அவர், ஜூன் பத்தாம் தேதி சங்கக் கூட்டம், நத்தை வீடு திரும்புவதைப் பற்றி, கட்டுரைக்கு முந்தைய தேதியோடு நீங்கள் எழுதிய ஏதாவது ஒரு தாள் கொண்டுவாருங்கள், நானே எழுந்து வாசித்து உங்கள் பெயரைப் பதிவு செய்யவைக்கிறேன், வாய்வார்த்தை மட்டும் சபையில் எடுபடாது என்றார். அப்பா திரும்பி வரும்போது முகமெல்லாம் மலர்ச்சி. "நம்ம பையன்கிட்ட இருக்கே!" என்றார். நீ ட்ரூரோ பள்ளிக்கூடத்துக்குப் போன நாளிலிருந்து உனக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் பாதி நத்தைதான், தபால் முத்திரையோடு. நீ கப்பல் ஏறும்போது அந்தக் கட்டுக்கு நாடா கட்டிப் பெட்டியில் வைத்தவளே நான். நடந்ததை எல்லாம் சொல்லி, அந்தக் கட்டை அனுப்பச் சொல்லி ஜனவரி கடைசியில் உனக்கு எழுதினார். அன்றிலிருந்து தபால் வரும் நாளெல்லாம் படகுத்துறையில் போய் நின்றார், இருமிக்கொண்டே.

செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது. அப்பா சுங்கச் சாவடியில். இருபத்தாறு வருஷத்தில் அவர் கடிதத்தை நான் பிரித்ததில்லை, அன்றைக்குப் பொறுக்க மாட்டாமல் பிரித்தேன். வீடு மாறும்போது மழையில் நனைந்து அத்தனையும் பாழாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். நான் நம்பினேன் எலையாஸ், உட்கார்ந்து அழக்கூட அழுதேன். பிறகுதான் அதே உறைக்குள் ஹாரியட் எனக்கென்று மடித்து வைத்திருந்த தாளைப் பார்த்தேன். பாவம் அந்தப் பெண், நீ அப்பாவுக்கு என்ன எழுதினாய் என்று அவளுக்குத் தெரியாது. போன செப்டம்பரில் டாக்டர் தர்லோ உனக்கு எழுதி, மாமா, அதாவது உன் அப்பா, உனக்குப் போட்ட கடிதங்களைக் கேட்டாராம், ஏதோ புத்தகத்துக்காம், நீ பிஸ்கட் டின்னில் அடுக்கி அப்படியே அனுப்பிவிட்டாயாம், நல்ல மனுஷர், நன்றியை மறக்கவில்லை, டிசம்பரில் அவர் சிபாரிசில் உனக்கு அருங்காட்சிசாலையில் துணைக் காப்பாளர் வேலை கிடைத்துவிட்டதாம். மாமாவும் சந்தோஷப்படுவார் என்று எழுதியிருக்கிறாள்.

நீ அனுப்பும்போது அந்த ஆள் எதற்குக் கேட்கிறான் என்று உனக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், அவ்வளவு தூரம் உன் பக்கம் நின்று யோசித்துப் பார்த்துவிட்டேன். ஆனால் அப்பாவின் கடிதம் கைக்கு வந்ததும் எல்லாம் தெரிந்துவிட்டதல்லவா? தெரிந்த பிறகுதானே மழை பெய்தது? தர்லோ செய்தது எனக்கு வயிற்றெரிச்சல், அவன் அந்நியன், அவன் நாசமாய்ப் போகட்டும். நீ செய்தது அப்படி இல்லையடா. வேலை வேண்டும் என்று கேட்டிருந்தால் அப்பா அந்தக் கட்டைத் தானே தூக்கிக் கொடுத்திருப்பார், உனக்காக வாய் திறக்காமலும் இருந்திருப்பார், அந்த மனுஷனை உனக்குத் தெரியாதா? கேட்காமல் எடுத்தாய், எடுத்துவிட்டுப் பொய் சொன்னாய். பெற்ற பிள்ளையிடம் ஏமாந்தேன் என்பதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

இனி நீ செய்ய வேண்டியது இது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஊர் நீதிபதி முன்னால் போய், எந்த வருஷத்திலிருந்து அப்பா உனக்கு நத்தைகளைப் பற்றி எழுதினார், அந்தக் கடிதங்களை எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பினாய் என்று உண்மையைச் சொல்லி, கையெழுத்திட்டு, முத்திரையோடு அனுப்பு. அடுத்த கப்பலைப் பிடித்தால் ஜூன் பத்துக்குள் வந்துவிடும். வேலை போகலாம், அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொல்கிறேன். அனுப்பாவிட்டால் ஹாரியட்டின் தாளை எடுத்துக்கொண்டு நானே ரயிலேறிப் பிளிமத்துக்குப் போய் அந்தப் பேராசிரியர் கையில் கொடுப்பேன். அன்றைக்கு உன் பெயர் சபையில் படிக்கப்படும், உன் அப்பா அங்கே உட்கார்ந்து கேட்பார். அந்தத் தண்டனையை அவருக்கு என் கையால் கொடுக்க வைத்துவிடாதே.

அவருக்கு இன்னும் தெரியாது. அப்பா பாசி மாதிரிகளைத் தாளில் ஒட்டுகிற பசையால் உன் உறையைத் திரும்ப ஒட்டி மேஜையில் வைத்தேன், ஹாரியட்டின் தாள் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது, உன் பொய்க்கு நானும் இப்போது பங்காளி. மாலையில் வந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். "நீ அவனுக்கு எழுதும்போது நான் சொல்றதையும் அப்படியே எழுது" என்றார், அப்படியே எழுதுகிறேன். "கடிதம் போனாப் போகட்டும், மழைக்கு அவன் என்ன பண்ணுவான். என்னால அப்பா பேரு போச்சேன்னு பையன் உள்ளுக்குள்ள வெச்சுக் குமுறிக்கிட்டு இருப்பான், அவன் சுபாவம் எனக்குத் தெரியும். அவன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைன்னு எழுது தாம்சின், ரெண்டு தரம் எழுது." இரண்டாம் தரமும் எழுதுகிறேன், அவன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஹாரியட்டுக்கும் குழந்தைக்கும் என் முத்தம், ஆண்டவர் அவர்களைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். உன்னையும் காக்கட்டும், அதைச் சொல்லாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஜூன் பத்து, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
ஜேபஸ் ரோஸ்வார்னின் மனைவி,
தாம்சின்