போனை வைத்துவிடாதே

வெகுதூரத்தில் இருக்கும் என் வீட்டுக்காரிக்கு,

இங்கே நானும் நம் வால் பெண்ணும் நலம். போனில் சொன்னால் அவள் காதில் விழும் என்பதால் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

முதலில் என் மானம் போன கதை. சோபாவுக்கு உறை தைக்கிறவனுக்கு அளவெல்லாம் தண்ணி பட்ட பாடு என்ற திமிரில், நேற்று அவளுடைய பின்னக் கணக்கு ஒன்றைப் போட்டுத்தர உட்கார்ந்தேன். சீக்கிரம் முடிந்தால் கீழே போய் விளையாடுவாளே என்றுதான். முக்கி முனகி ஒரு விடை கொண்டுவந்தேன். "உங்க கணக்குப்படி தைச்சா தலைகாணிக்குத்தாம்பா உறை வரும்" என்று சிரித்தாள். "விடுங்க, இது போன வாரமே டீச்சர் சரி போட்டதுதான்" என்றவள், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முடிந்த கணக்கை ஏன் மறுபடி போடுகிறாய் என்று கேட்டேன். மழுப்பினாள். நான் விடவில்லை. "முடிச்சிட்டேன்னு சொன்னா அம்மா போனை வச்சிடுவாங்கப்பா. படிச்சிட்டே இருந்தா பாத்துட்டே இருப்பாங்கள்ல" என்றாள்.

உன்மேல் குற்றமில்லை. முதியோர் இல்லத்தில் நாளெல்லாம் நின்று, கால் வீங்கி அறைக்கு வந்து, வீடியோவில் அவள் படிப்பதைப் பார்த்தபடி படுத்திருக்கிறாய். பிள்ளை விழுந்து விழுந்து படிக்கிறாள் என்று நானும்தான் கடையில் பீற்றிக்கொண்டேன். ஆனால் தினமும் தலைவலி என்கிறாள். வகுப்பில் தூங்கி விழுகிறாளாம், டீச்சர் என்னை அழைத்துச் சொன்னார். கீழ்வீட்டுப் பிள்ளைகள் பந்தோடு நின்று கத்திக் கத்திக் கூப்பிட்டார்கள். இப்போது கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

அதனால் ஒன்று செய்வோம். படிப்பு முடிந்ததும் போனை வைத்துவிடாதே. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நான் அவளோடு கீழே போகிறேன். கை வலித்தால் தண்ணீர்த் தொட்டிமேல் சாய்த்து வைக்கிறேன். அவள் விளையாடுவதைப் பார். நடுவில் மூச்சிரைக்க ஓடிவந்து யார்மேலாவது புகார் சொல்வாள், கேட்டுக்கொள். 'படிச்சியா' என்று கேட்கிற வாயால் ஒருமுறை 'ஜெயிச்சியா' என்றும் கேள்.

நேரத்துக்குச் சாப்பிடு. விடுப்பு கிடைக்குமா என்று இன்னொரு தடவை கேட்டுப்பார்.

கணக்கில் தேறாத,
உன் வீட்டுக்காரன்

பி.கு: ஒன்றை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை. நீ போனில் இருக்கும்போது பின்னால் பாத்திரச் சத்தம் கேட்குமே, அதெல்லாம் ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரம்தான்.