சீலிங்கில் முட்டைக்கோஸ்

பாப்பா,

சமையலறை சீலிங்கில் ஒட்டியிருப்பது நாளைய பள்ளிக் கண்காட்சிக்கு நீ உப்புத் தண்ணீரில் ஊறவைத்த முட்டைக்கோஸ்தான். காலையில் அந்த பிளாஸ்டிக் ஜாடி வெடித்துவிட்டது. காரணம் நான்.

மூடி லூசாக இருந்தது. இருபது வருஷமாகக் குழாய் மாட்டுகிற கை சும்மா இருக்குமா? நேற்று ராத்திரி நீ தூங்கியபிறகு டேப் சுற்றி, ரெஞ்ச் போட்டு இறுக்கிவிட்டேன். "உள்ள இருக்கிற கிருமி காத்து விடும்ப்பா, மூடியைத் தொடாதீங்க"ன்னு நேற்று நீ சொன்னபோது, "கோஸ் எங்கடி காத்து விடும்?"னு சிரித்தேன். நீ சாப்பிடாமலே படுத்துவிட்டாய். இப்போது தெரிகிறது, நன்றாகவே விடுகிறது.

ஜாடியின் அடியில் ஒரு கைப்பிடி மிஞ்சியது. டம்ளரில் போட்டால் செத்துவிடுமோ என்று பயம். அந்தக் கிருமிகளுக்கு வயிறுதான் சொந்த வீடு என்று நீதானே சொன்னாய்? அதனால் விழுங்கிவிட்டேன். இப்போதே உறுமுகிறது, உயிரோடுதான் இருக்கின்றன. நாளை உன் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறேன். டீச்சர் கேட்டால் என் வயிற்றைக் காட்டு.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சாப்பிடு. சீலிங்கை நீ துடைக்காதே, ஏணி கொண்டுவருகிறேன்.

அப்பா

மறந்துவிட்டேன்: இன்றைக்கு எனக்கு வேலையே எட்டு கக்கூஸ் பொருத்துவதுதான். உன் கண்காட்சி முடியும்வரை ஒன்றிலும் உட்காரமாட்டேன்.