கூட நடந்தவர்

பாப்பாவோட அப்பாவுக்கு,

உங்க முதுகுவலி தேவலையா? அத்தை வேளைக்குச் சாப்பிடுறாங்களா? நான் நல்லா இருக்கேன்னு எழுதணும், எழுதிட்டேன்.

நான் வேலை பாக்குற ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல சுகர் இருக்கிறவங்களை டாக்டரம்மா மூணு மாசமா தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு வேகமா நடக்கச் சொல்லி, நடந்ததை நாங்களே நோட்டுல எழுதி வைக்கச் சொல்லியிருக்காங்க. இன்னைக்கு எனக்கு ரத்தம் பார்த்ததுல கெட்ட கொழுப்பு குறைஞ்சிருக்கு, நல்ல கொழுப்பு கொஞ்சம் ஏறியிருக்கு. சர்க்கரை உடம்புக்குள்ள துருப்பிடிக்க வைக்குமாம், நடந்தா அதுவும் மட்டுப்படுமாம். சந்தோஷமான்னு கேட்டாங்க. தலையாட்டினேன்.

ஆரம்பத்துல ஒருநாள் சாப்பிடாம மாத்திரை போட்டு நடந்து, மயங்கி அழுக்குத்துணி வண்டி மேலயே சாய்ஞ்சுட்டேன். மெத்துனுதான் இருந்துச்சு, பயப்படாதீங்க. அதுலேர்ந்து யாரும் தனியா நடக்கக் கூடாதுன்னு, நோட்டுல ‘கூட நடந்தவர்’னு ஒரு கட்டம் போட்டுட்டாங்க. நீங்கல்லாம் ஊர்ல இருக்க, எனக்கு இங்க யாரு இருக்கா? தினமும் உங்க பேரைத்தான் எழுதுறேன்.

டாக்டரம்மா இன்னைக்கு நோட்டைப் புரட்டிட்டு, “உங்க வீட்டுக்காரர் ஒருநாள்கூடத் தவறலையே, நாளைக்கு அவரையும் கூட்டிட்டு வாங்க, ரத்தம் பார்த்துடலாம்”னாங்க. சரின்னுட்டேன்.

தையல் உறுத்தாத காலுறை ரெண்டு ஜோடி அனுப்புங்க.

மணி ஆறாகப் போகுது. வாங்க, கிளம்பலாம்.