கராஜுக்குள் ஒரு குழி

12.03.2003 புதன்
பரந்தன். காலையிலேயே வெயில். சூடடித்த வயல்களிலிருந்து வைக்கோல் தூசி. தும்மல்.

வீட்டுக் கூரை முடிந்தது. அடுத்து பின்வளவில் தனியே நிற்கும் கராஜ். அதை அக்காவுக்கு அறையாக்க வேண்டும், தோட்டத்தைப் பார்த்தபடி பெரிய சன்னலோடு. அத்தான் இறந்தபின் வவுனியாவில் வாடகை அறையில் தனியே இருக்கிறார்.

அளந்தேன். நீளம் பதினெட்டு அடி, அகலம் பத்து. நடுவில், காருக்குக் கீழே நின்று வேலை செய்ய எங்கள் தகப்பனார், ஐயா, வெட்டுவித்த குழி. ஆழம் ஐந்தரை. கார் போய் எத்தனையோ வருடம். ஒயில் மணம் போகவில்லை.

14.03 வெள்ளி
பிரதேச சபைக் கந்தோர், அனுமதி கேட்க. தொழில்நுட்ப உத்தியோகத்தர் (இனி தொ.உ.) இளம் ஆள், பொறுமைசாலி. கராஜ் வேறு, ஆள் படுக்கும் அறை வேறு என்றார். குறித்தவை:
வரைபடம், மூன்று பிரதி.
சன்னல், தரைப் பரப்பில் ஏழிலொரு பங்காவது.
வேலிப் பக்கம் சன்னல் கூடாது.
தரை ஒரே மட்டம்.
"குழிக்கு மேலை ஆளைப் படுக்க விடேலாது, ஐயா. மண் போட்டு இறுக்குங்கோ."
வரும் வழியில் சைக்கிள் காற்றுப் போய்விட்டது.

16.03 ஞாயிறு
அக்கா வந்தார், இரண்டு கிழமை நிற்க. சுற்றிப் பார்த்தார்.
"குழியை என்ன செய்யப்போறாய்?"
"நிரப்பப்போறன்."
"அப்ப நான் இஞ்சை இருக்க வரேல்லை."
"சண்டை நிண்டிட்டுதெல்லோ, அக்கா."
"ஆர் சொன்னது? உன்ரை பேப்பரோ?"

சண்டை நாட்களில் குண்டு போடும் விமானச் சத்தம் கேட்டால் வீட்டில் ஆறு பேரும் இந்தக் குழிக்குள்தான். அக்கா சீட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டே இறங்குவார். முந்நூற்றிநாலு விளையாட்டு. அத்தான் துரும்பை ஒளிப்பார், ஐயா பிடிப்பார், சண்டை. விமானம் போனபின்னும் ஆட்டம் முடியாமல் ஏறமாட்டோம். நான் எழுதிய செய்தி எதிலும் இது இல்லை.

25.03 செவ்வாய்
செய்தி வேலையாக இரண்டு நாள் கிளிநொச்சியில். வந்து பார்த்தால் சீமெந்துத் தரை, நல்ல வடிவு. நடுவில் மட்டும் பாலைமரப் பலகை ஐந்து. கீழே குழி அப்படியே.
மேசன்: "நான் மண் கொட்ட வெளிக்கிட, அக்கா கதிரையைக் கொண்டுவந்து குழியடியிலை போட்டிட்டு இருந்திட்டா. நான் என்ன செய்யிறது?"

28.03 வெள்ளி
தொ.உ. வந்தார். சன்னல் அளந்தார், சரி. நடுவுக்கு நடந்தார். பலகை வெறுமையாக ஒலித்தது. நின்றார். குதிக்காலால் இன்னொருதரம் தட்டினார்.
"தம்பி தேத்தண்ணி குடிப்பீங்களோ?" என்றார் அக்கா.
"ஓம், அக்கா. எங்கடை வீட்டிலையும் அம்மா மூட விடுறா இல்லை."
படிவத்தை என்னிடம் நீட்டினார். "தரையைப் பற்றி நீங்களே எழுதிக் கையெழுத்து வையுங்கோ, ஐயா."
முப்பது வருடம் பேப்பரில். தெரிந்து ஒரு பொய் எழுதியதில்லை. அக்கா கதவடியில், என் கையையே பார்த்தபடி.
மேசனிடம் மட்டக்கோல் வாங்கிப் பலகையில் வைத்தேன். குமிழி நடுவில்.
எழுதினேன்: தரை ஒரே மட்டம்.

31.03 திங்கள்
புழுக்கம். அக்காவின் சாமான்கள் வந்து சேர்ந்தன. அலுமாரி, கட்டில், தையல் மெசின். நடுவில் எதையும் வைக்க விடவில்லை.
அவர் குளிக்கப் போன நேரம் ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தேன். பாய். தண்ணீர்ப் போத்தல் இரண்டு. சீட்டுக்கட்டு ஒன்று, உறை பிரிக்காதது.