ஓலையில் அப்பா கொடுத்த பேர்

அன்புள்ள எழில் கண்ணுக்கு,

கர்த்தருடைய தயவால் துடியலூரில் நானும் அப்பாவும் சுகம், அந்த வெளிநாட்டுக் குளிரில் நீயும் சுகமாயிருக்க இரண்டு வேளையும் ஜெபிக்கிறோம். உடம்புதான் சுகம் கண்ணு, மனசு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு நிலையில் இல்லை. போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், நீயும் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

நம் சபை ஹாஸ்டலில் கைக்குழந்தையாக யாரோ விட்டுப்போன பிரவீனாவை உனக்குத் தெரியுமே, பாடகர் குழுவில் பாடுகிறவள், இப்போது ஸ்கேன் சென்டரில் வேலை, ஞாயிறு மத்தியானம் நம் வீட்டில்தான் சாப்பாடு. அவளுக்கு உடுமலைப்பேட்டை நிதீஷோடு கல்யாணம் கூடி வந்திருக்கிறது. போன ஞாயிறு ஆராதனையில் நம் பாஸ்டர் ஐயர் முதல் ஓலை வாசித்தார். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து ஆட்சேபணை உண்டா என்று கேட்பதும், யாரும் வாயைத் திறக்காமல் பாட்டுக்குப் போவதும்தானே நம் வழக்கம். அன்றைக்கு நிதீஷின் பெரியப்பா எழுந்துவிட்டார். ஏனுங்க ஐயரே, பையனுக்கு அப்பன் பேர் வந்துதுங்க, பொண்ணு யாரு மகள்னு வரலீங்களே, இந்த ஓலையை எங்க சபையில எப்படிங்க படிக்கறது என்று கேட்டுப்போட்டார். ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். பிரவீனா பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நிற்கிறாள்.

அப்போது ஆண்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம். பார்த்தால் உங்கப்பா. சாம்பார் வேணுமா என்றால்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிற மனுஷன், சபைக்கு நடுவில் நின்று, என் பேரைப் போட்டுக்குங்க ஐயரே, தமிழ்வேந்தன் மகள் பிரவீனான்னு படியுங்க என்கிறார். நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், சட்டையைப் பிடித்து இழுக்கக்கூட வழியில்லை. எல்லா முகமும் என் பக்கம் திரும்பிற்று, நான் பேய் அறைந்த மாதிரி சிரித்து வைத்தேன். அந்தப் பெரியப்பா விடவில்லை, பேருக்கு மட்டுந்தானுங்களா என்றார். பேருக்குன்னா நான் எதுக்குங்க எந்திரிக்கறேன், எம்பையன் எழிலுக்கு என்ன உண்டோ அது இவளுக்கும் உண்டுங்க என்றார் உங்கப்பா. ஐயர் ஓலையைத் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்துவிட்டேன், பெற்றவள் நான் இருக்கிறேன், என்னைக் கேட்காமல் எப்படி ஒரு பிள்ளையைச் சேர்க்கலாம் என்று. அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார், எங்க தாத்தா காங்கேயத்துல பண்ணையார் காட்டு வேலைக்கு நின்னப்ப அவரை ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை புவனா, ஞானஸ்நானத்துலதான் பேர் சொல்லி, இனி நீ தேவனோட பிள்ளைன்னாங்க, ஆண்டவரு யாரைக் கேட்டுட்டு நம்மளைச் சேர்த்துக்கிட்டாரு என்று. தேவனுடைய பிள்ளைகள், அவருடைய சொத்துக்குச் சுதந்தரவாளிகள், வாரிசுகள் என்று வாராவாரம் கேட்டு ஆமென் சொல்கிறவள் நான். அப்படி ஒரு பிள்ளை நிஜமாகவே வீட்டுக்கு வந்தால் இப்படி ஆடிப்போகிறேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது, கோபமும் போகவில்லை.

சாயங்காலம் பிரவீனா வந்தாள். எப்போதும் நேரே அடுப்படிக்கு வருகிறவள் கேட்டுக்கு வெளியிலேயே நிற்கிறாள். ஆன்ட்டி, ஐயருகிட்டச் சொல்லி அந்தப் பேரை எடுத்துடச் சொல்றேனுங்க, கல்யாணம் நின்னாலும் பரவால்லீங்க, உங்களுக்குச் சங்கடம் வேண்டாமுங்க என்றாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, அம்மா ஊட்டுக்கு வந்துட்டு வாசல்ல நின்னு பேசறவ யாருடி, உள்ள வா அம்மணி என்று கத்திப்போட்டேன். அப்பா சொன்னதைவிட நான் சொன்னதில்தான் எனக்கு அதிர்ச்சி. அவள் உள்ளே வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். ரொம்ப நேரம் விடவில்லை, நானும் விடவில்லை.

கண்ணு, உன் பங்கில் பாதியை உன்னைக் கேட்காமலே அப்பா கொடுத்துவிட்டார், உனக்கும் திக்கென்றுதான் இருக்கும். கோபம் இருந்தால் என்னிடம் திட்டித் தீர்த்துக்கொள், அவளிடம் காட்டாதே. கூட ஒருத்தி வந்தால் குறைந்துபோவது வீட்டுப் பங்குதான், மேலே பரலோகத்தில் நமக்கு இருப்பது எத்தனை பேர் வந்தாலும் குறையாது என்கிறார் அப்பா. எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை, பிடிபடும். வரும் ஞாயிறு இரண்டாம் ஓலை, அதற்குள் அவளுக்கு நீயே ஒரு போன் செய். மாப்பிள்ளைக்கு மச்சினன் நீதான் மோதிரம் போட வேணும், லீவு சொல்லி வை. ரொட்டியைத் தின்றே காலம் தள்ளாதே, தலைக்கு எண்ணெய் வை, ஆலயத்துக்குப் போகாமல் தூங்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
உனக்கும் உன் தங்கைக்கும் அம்மா,
புவனா