முதற்பிரதி பெறுபவர்

இஞ்சாருங்கோ,

புட்டும் சொதியும் மூடிவைத்துள்ளேன். நாமே வெளியிடும் என் பிள்ளையார் அந்தாதியின் வெளியீட்டு விழா அழைப்பிதழை அச்சிடுவிக்கச் சுன்னாகம் செல்கிறேன்.

"முதற்பிரதியைக் கனகரத்தினம் முதலாளி வாங்கினால்தான் சபைக்கு அழகு. நான் வாங்கினால் சனம் சிரிக்கும்" என்று நேற்றுச் சினந்தீர்கள். முதலாளி பெருந்தகைதான், ஆயினும் அவர் ஒரு பாடலும் கேட்டறியார். நீங்களோ வெங்காயத்துக்கு நீர் இறைத்தபடியே நூறும் கேட்டீர்கள். "உதிலை ஓசை முட்டுது, மாத்தும்" என்ற இடமெல்லாம் மாற்றினேன்.

ஆதலால் அழைப்பிதழில் உங்கள் பெயரையே எழுதியுள்ளேன். முதலாளி இன்று காலை வருவார். தேநீர் கொடுத்து, வாழ்த்துரை வழங்குமாறு பணிவாகக் கேளுங்கள்.

மங்கையர்க்கரசி

பி.கு.: பட்டு வேட்டி அலுமாரியில், மேல்தட்டில்.

இன்னுமொன்று: நீங்கள் மேடையேறாவிடின், அன்று புத்தகக் கட்டை அவிழ்க்கவே மாட்டேன். பிள்ளையாரிடமும் சொல்லிவிட்டேன்.